ரொட்டியக்கா கேட்ட பாதி

இரண்டாவது தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் ரொட்டியக்கா கம்பியைக் கையில் எடுத்தாள். பின்னல் ஊசி போல மெல்லிய கம்பி அது. தட்டின் நடுவிலிருந்த ரொட்டியில் அதைச் செருகி, மெதுவாக இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் மாவு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. மேலே பார்த்தால் ரொட்டி நன்றாகச் சிவந்து, விளம்பரப் பலகையில் போடுகிற அழகோடுதான் இருந்தது. ஆனால் அக்காவிடம் அந்த அழகெல்லாம் செல்லாது. தட்டைக் கணவரிடம் நீட்டித் திரும்ப அடுப்புக்குள் வைக்கச் சொன்னாள்.

"மேல் நிறத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க. ரொட்டி மூஞ்சியைத்தான் காட்டும், வயித்தைக் காட்டாது."

கணவருக்கு இது மனப்பாடம். அவர் வேன்காரர். அடுப்படியில் கூடமாட உதவி செய்துவிட்டு, ரொட்டிகளை வேனில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டு போய்ப் போடுவது அவர் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டு வருகிறவர். மறுபேச்சில்லாமல் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வெந்து ஆறிய முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா கடைக்குப் போகும் படிகளில் ஏறினாள். அடுப்படி கீழே, கடை மேலே. பாதிப் படியில் நின்றாள். தட்டைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். செருப்பு வாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் யார் ரொட்டி போடுவது? அதனால் பல வாரங்களாகச் செருப்பு மேல் பழி. பாவம், வேன்காரர் அதை நம்பி அவளுக்குப் புதுச் செருப்பே வாங்கிக் கொடுத்துவிட்டார். புதுச் செருப்பு போட்ட பிறகும் அவள் அதே படியில் நின்றாள். அவருக்கும் அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

முகம் வெளுத்திருந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. ரொட்டிக்கடையில் முகம் வெளுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? காலையிலிருந்து மாலை வரை அந்த வீட்டில் எல்லோர் முகத்திலும் மாவுதான். முன்கையில் நீல நீலமாய்க் கன்றிப்போன இடங்களைக் கேட்டால் தட்டு இடித்தது என்பாள். தட்டு இடிப்பதும் உண்மைதான். முன்பெல்லாம் இடித்தால் கன்றாது, இப்போது தொட்டாலே கன்றுகிறது என்பதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருவழியாகப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் அவள் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று சொல்லிச் சத்து டானிக் ஒன்றைக் கொடுத்தார். அது தெரு முழுக்கப் பரவியது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியராக மாறினார்கள். பீட்ரூட் சாப்பிடச் சொன்னவர்கள் பாதிப் பேர், பேரீச்சம்பழம் சொன்னவர்கள் மீதிப் பேர். ஈரல் என்று ஒருவர் சொல்ல, ஈரல் சூடு என்று இன்னொருவர் மறுக்க, ரொட்டி வாங்க வந்தவர்கள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பீட்ரூட் சாற்றைக் குடித்துக் குடித்து உதடு சிவந்ததே தவிர, படியில் நிற்பது நிற்கவில்லை.

நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று வேன்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் மாவைப் பிசைந்தபடியே பதில் சொன்னாள்.

"பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கறதெல்லாம் ஒரு வியாதியா? சகஜம்ங்க. ஊர்ல எவளுக்கு ரத்தம் சரியா இருக்கு?"

ஊரில் பல பேருக்குச் சரியாக இல்லை என்பதனால் அது சரி ஆகிவிடுமா என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிய மனிதர்.

ஒரு காலையில் அந்தப் படியிலேயே அவள் மயங்கி விழுந்தாள். தட்டிலிருந்த ரொட்டிகள் படிகளில் உருண்டு தெருவாசல் வரை வந்தன. வேன்காரர் அவளை வேனிலேயே படுக்க வைத்து, ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ரத்தம் ஏற்றினார்கள். ரத்தத்தைச் சோதித்தும் பார்த்தார்கள். சிவப்பணு மட்டும் குறைந்திருந்தால் பரவாயில்லை. நோயை எதிர்க்கிற வெள்ளையணுவும் குறைவு, காயம் பட்டால் ரத்தத்தை உறையச் செய்கிற தட்டணுவும் குறைவு. மூன்றும் சேர்ந்து குறைந்தால் கோளாறு அவை உற்பத்தியாகிற இடத்தில் இருக்கலாம் என்று ரத்த நோய்க்கான டாக்டரம்மா சந்தேகப்பட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தச் சட்டிதான் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. இடுப்பெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவப் பார்த்தாள். ரத்தம் ஏற்றியதும் உடம்பு தெம்பாகிவிட்டது, பிறகு எதற்கு எலும்பைக் குடைவது என்றாள். வேன்காரர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேச்சைக் கேட்கவில்லை. பரிசோதனை நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். அடுப்புச் சூடு பட்ட அளவுக்குக்கூட வலிக்கவில்லை என்று அவளே பிறகு சொன்னாள்.

முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்றுதான் எல்லாத் தப்பும் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூட்டம். ரொட்டி வேனோ யானை மாதிரி பெரியது. அவளை வாசலில் இறக்கிவிட்டு வேனை நிறுத்த இடம் தேடிப் போன மனிதர் மூன்று தெருக்களைச் சுற்றினார். அதற்குள் உள்ளே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா பொறுமையானவர். தாளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்.

"உங்க மஜ்ஜையில கோளாறு இருக்கும்மா. ரத்த அணுக்கள் முழுசா வளராம, அரைகுறையா வளருது. அதனாலதான் ரத்தத்துல எல்லாமே குறையுது. இது இப்போதைக்குத் தீவிர ரத்தப் புற்றுநோய் இல்ல."

புற்றுநோய் இல்லை. அவ்வளவுதான் அக்காவுக்குக் கேட்டது. அந்தச் சொல் வந்துவிடுமோ என்று பல ராத்திரிகள் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அது இல்லை என்றதும் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது, கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மா 'ஆனா' என்று தொடங்கி அதற்குப் பிறகும் நிறையப் பேசினார். இது சிலருக்கு வருஷக்கணக்காக அப்படியே இருக்கும், சிலருக்கு ரத்தப் புற்றுநோயாக மாறும் என்றார். மாறுகிறதா என்று மாதாமாதம் சோதிக்க வேண்டும், மாறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சிகிச்சை இருக்கிறது, கூடப்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். யாரிடமெல்லாம் இந்த நல்ல செய்தியைச் சொல்வது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தலையாட்டினாள். தலை ஆடினால் காதும் திறந்திருக்கிறது என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். அவர் மேலும் தப்பில்லை, வாசலில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள்.

வேர்க்க விறுவிறுக்க வேன்காரர் வந்து சேர்ந்தபோது அவள் வெளியே நின்றிருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது என்றாள். ஏதோ சத்துக் குறைவுதானாம், எலும்பு சோம்பேறித்தனம் பண்ணுகிறதாம், நடுவே நடுவே ரத்தம் ஏற்றிக்கொண்டால் போதுமாம். சத்துக் குறைவு என்பதும் கடைசியில் சொன்னதும் டாக்டரம்மா சொன்னதே இல்லை. தனக்கு வேண்டியதை அக்காவே சேர்த்துக்கொண்டாள். அன்று மாலை தெருவில் எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி இலவசம். மருந்துக்கடைக்காரர் இரண்டு வாங்கிக்கொண்டு, தன் டானிக்தான் காப்பாற்றியது என்றார்.

அதற்குப் பிறகு நான்கைந்து மாதம் நன்றாகவே ஓடியது. ஓடியது போல் இருந்தது என்று சொல்ல வேண்டும். களைப்பு வந்தால் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். வேனுக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரிதான், தீர்ந்தால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்தாள். தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வண்டி எத்தனை நாளைக்கு ஓடும்? பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு ரொட்டி போடும் வேலை புதிதாகக் கிடைத்த சமயம் அது. அடுத்த வாரம் வருகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

வந்தது காய்ச்சல். வந்த காய்ச்சல் போகவில்லை. பல் துலக்கினால் ஈறு முழுக்க ரத்தம். ஒரு பகலில் ரொட்டி அறுக்கும் கத்தி விரலில் லேசாகக் கீறியது. அவள் தொழிலில் அது தினப்படி நடப்பது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த ரொட்டியை எடுப்பாள். அன்றைக்குத் துணி சுற்றியும் நிற்கவில்லை. இன்னொரு துணி சுற்றினாள், அதுவும் நனைந்தது. வெட்டு மேசையில் பரப்பியிருந்த மாவில் சிவப்பாகச் சொட்டு விழுந்ததைப் பார்த்தபோதுதான் வேன்காரர் பயந்தார். வேன் சாவியை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வாடகை வண்டியைக் கூப்பிட்டார்.

இந்த முறை இருவரும் ஒன்றாக டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து, தட்டணு ஏற்றுவது, மறுபடியும் மஜ்ஜைப் பரிசோதனை என்று சில நாட்கள் போயிருந்தன. டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் முதல் நாள் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

முழுசாக வளர்ந்து வேலைக்குப் போக வேண்டிய அணுக்கள் பிஞ்சாகவே மஜ்ஜையில் தேங்குகின்றன. போன முறை நூற்றுக்கு ஐந்து பிஞ்சு இருந்தது, இப்போது பதினாலு. பொதுவாக இருபதைத் தொட்டால் அதற்குப் பெயர் தீவிர ரத்தப் புற்றுநோய். அதற்கப்புறம் நோய் வேகமாக ஓடும், சிகிச்சை பின்னால் துரத்த வேண்டியிருக்கும்.

அக்கா கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள வேகாத ரொட்டி சேந்துக்கிட்டே போகுது. அதனால வெந்த ரொட்டிக்குத் தட்டுல இடம் இல்ல. அப்படித்தானேம்மா?"

டாக்டரம்மா அப்படித்தான் என்றார். "இன்னும் நேரம் இருக்கும்மா. அதிகம் இல்ல, ஆனா இருக்கு. இதைத்தான் அன்னைக்கும் சொன்னேன்."

வேன்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். வெளியே வந்து நீள பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், தன்னிடம் பாதியைத்தானே சொன்னாய் என்று கேட்டார். தானே பாதியைத்தான் கேட்டதாக அக்கா சொன்னாள். அது பொய்யில்லை. அவர் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு தட்டைக்கூட நீ குத்திப் பாக்காம வெளிய விட்டதில்ல. உன்னை மட்டும் மேல் நிறத்தைப் பாத்தே வெளிய விட்டுட்டியே. நானும் விட்டுட்டேனே."

அக்கா அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் பாதிக் குறையைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்தே, இனி எது சொன்னாலும் கடைசி வரை கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

சிகிச்சைக்கு இரண்டு கட்டம். முதலில் பிஞ்சு அணுக்களைக் குறைக்க ஊசி மருந்து. அது குறைந்ததும் பழுதான மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, ரத்த அணுக்களை உருவாக்குகிற மூல அணுக்களை ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவது. கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அக்காவுக்கு இருப்பது ஒரே தம்பி.

தம்பி லிஃப்டு மெக்கானிக். உயர உயரக் கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவன். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். ஆனால் ஊசி என்றால் மட்டும் ஆவி போய்விடும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தவர்களைப் பார்த்ததும் சுவரேறிக் குதித்து ஓடியவன், அன்றைக்கு மதியம் அக்காதான் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தாள். அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது, தாராளமாக எடுத்துக்கொள் என்றுதான் உடனே சொன்னான். ரத்தம் கொடுத்துப் பொருத்தமும் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தானாம். பொருந்திவிட்டது. அதற்கப்புறம்தான் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தார்கள். முதுகுத்தண்டில் துளை போட்டு உறிஞ்சுவார்கள், அதற்குப் பிறகு எடை தூக்க முடியாது, உன் தொழில் போச்சு என்றார்கள். சொன்ன ஒருவர்கூட மஜ்ஜை கொடுத்தவரைக் கண்ணால் பார்த்ததில்லை. தெரியாத விஷயத்தில்தானே ஆளுக்கொரு கதை பிறக்கிறது?

தம்பி போனை எடுப்பதை நிறுத்தினான். ஒரு நாள், இரண்டு நாள். அக்கா அவனைத் திட்டவில்லை. வேன்காரர் நேரில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்றபோதும் தடுத்தாள். பயந்தவனை இழுத்து வந்து வாங்குவதற்கு அது என்ன கைமாற்றா என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அந்த இரண்டு நாளும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. ஊசி மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. ஆனால் அது கதவைக் கொஞ்ச காலம்தான் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையும் அவள் முழுசாகவே கேட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் தம்பி வந்தான். கையில் துணிப்பை, முகத்தில் தூக்கமில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டு வந்திருந்தான். முதுகில் துளை இல்லையாம். சில நாள் ஊசி போட்டு மூல அணுக்களை ரத்தத்துக்குள் வரவழைப்பார்களாம். பிறகு ரத்ததானம் போல ஒரு கையிலிருந்து எடுத்து, மெஷினில் பிரித்து, மீதியை மறு கையில் திருப்பி விடுவார்களாம். நாலு மணி நேரம் படுத்திருந்தால் போதும், கொஞ்ச நாளில் எல்லாம் திரும்ப ஊறிவிடும், வேலைக்கும் போகலாம். இதைச் சொல்லும்போது, சில நாள் ஊசி என்ற இடத்தில் மட்டும் அவன் எச்சிலை விழுங்கினான்.

"நான் பயந்தது நிஜம்க்கா. அதுக்குத்தான் போனை எடுக்கல. லிஃப்டுக் குழிக்குள்ள இறங்கும்போதும் பயமாத்தான் இருக்கும். இருந்தாலும் உள்ள ஆள் மாட்டிக்கிட்டா இறங்கித்தானே ஆகணும்?"

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவனுக்குச் சூடாக ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். அதில் அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

பிறகு வந்த நாட்களைச் சுலபம் என்று சொன்னால் அது பொய். அவளைத் தனியறையில் வைத்தார்கள். ஒரு கண்ணாடி வழியாகத்தான் கணவரைப் பார்க்க முடிந்தது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூடக் கசந்தது. தம்பியின் மூல அணுக்கள் இருந்த பை சின்னதுதான், தக்காளிச் சாறு போல இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தாள். அது ஏறிய பிறகு காத்திருக்க வேண்டும். புது அணுக்கள் மஜ்ஜைக்குள் போய்க் குடியேறிப் பெருக வேண்டும். ஈஸ்ட் போட்ட மாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்து பழகியவள் அவள். தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை முடிவோடு நர்ஸ் வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"உப்பிச்சாம்மா?"

இல்லை, இல்லை என்று பல காலைகள் போயின. அதற்குள் கடையில் வேன்காரர் ராஜ்ஜியம். முதல் வாரம் அவர் போட்ட ரொட்டிகள் கரிக்கட்டை. இரண்டாம் வாரம் வெளியே சிவப்பு, உள்ளே களி. தெருக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிப் போனார்கள், சிலர் வீட்டில் போய்த் திரும்பச் சுட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் அவருக்குக் கம்பி ஞாபகம் வந்தது. ஒரு தட்டைக்கூடக் குத்திப் பார்க்காமல் விடவில்லை. அந்த வாரத்தில்தான் ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருக்கும்போது, நர்ஸ் அவளிடம் உப்பியிருக்கிறது என்று சொன்னாள். வெள்ளையணு ஏறத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் ஒரே நேரத்தில் அழுததைப் பார்த்து நர்ஸுக்கு யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் தோலில் தடிப்பு வந்தது, வயிறு கெட்டது, இருமுறை திரும்ப ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். எல்லாம் கடந்துவிட்டது. சோதனைகள் தொடர்கின்றன, அதில் ஒன்றைக்கூட அவள் தவறவிடுவதில்லை. மாவுத் தூசி ஆகாது என்பதால் அடுப்படிக்கு இன்னும் போகக் கூடாது. கடை மேசைக்குப் பின்னால் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கீழே இருக்கிற கணவரை அங்கிருந்தபடியே அதட்டுகிறாள். அவளுடைய ரத்த வகையே மாறித் தம்பியுடையது ஆகிவிட்டது. தம்பி விடுமுறை நாளில் மதியம் வரை தூங்குகிறவன். மேசையில் தலை வைத்துக் கண்ணயர்ந்து மாட்டிக்கொண்டால், தன்னைக் கேட்காதீர்கள், ரத்தம் யாருடையதோ அவனைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறாள்.

நேற்றுக் காலை அடுத்த தெருத் தையல்காரப் பெண் ரொட்டி வாங்க வந்தாள். முப்பது வயதுக்காரி. சில்லறையை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது உள்ளே ஒரு டானிக் பாட்டிலும் நாலைந்து பீட்ரூட்டும் தெரிந்தன. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற விதமும் அக்காவுக்குத் தெரிந்த விதம்தான். என்ன உடம்புக்கு என்று கேட்டாள். ரத்தம் கொஞ்சம் குறைவாம், நாலைந்து மாதமாக டானிக் குடித்தும் ஏறவில்லையாம். முழங்கை ஓரம் கன்றியிருந்ததை அக்கா பார்ப்பதைக் கண்டு, தையல் மெஷினில் இடித்துக்கொண்டேன் என்று அவளே சொன்னாள். பிறகு சிரித்தாள்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானேக்கா."

அக்காவுக்குத் தன் குரலையே வெளியிலிருந்து கேட்டது போலிருந்தது. ரொட்டியைப் பொட்டலம் கட்டின கை அப்படியே நின்றது.

"நானும் இதையேதான் சொன்னேன். சகஜம் சகஜம்னு சொல்லிச் சொல்லி, சாவு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன். பயப்படாத. பத்துல ஒம்பது பேருக்கு வெறும் சத்துக் குறைவாத்தான் இருக்கும், உனக்கும் அப்படியே இருக்கட்டும். பீட்ரூட் சாப்பிடறது தப்பில்ல. ரத்தம் ஏன் குறையுதுன்னு கேக்காம சாப்பிட்டுக்கிட்டே இருக்கறதுதான் தப்பு. குறையறதைப் பாக்காத, எங்கேயிருந்து குறையுதுன்னு பாரு."

தையல்காரப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் போகிறேன், தைத்துக் கொடுக்க வேண்டிய துணி நிறையக் கிடக்கிறது என்று இழுத்தாள். அந்த அடுத்த வாரத்தை அக்காவுக்கு நன்றாகவே தெரியும். எழுந்து, கீழே அடுப்படியைப் பார்த்துக் கணவரை அழைத்தாள். அவர் கம்பியும் கையுமாகப் படியேறி வந்தார்.

"வண்டியை எடுங்க, இவளை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வேன்காரர் தையல்காரப் பெண்ணைப் பார்த்தார், அவள் பையிலிருந்த பீட்ரூட்டைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். ரொட்டி வேகிறதே என்று தையல்காரப் பெண் தயங்கினாள். வேகாவிட்டால் போகட்டும், இந்தத் தெருவுக்கு அது பழக்கம்தான் என்று அக்கா கணவரிடம் அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொன்னாள். தானும் முகக்கவசத்தைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தாள்.

நீங்கள் எதற்கு வருகிறீர்கள், உங்களுக்கே உடம்பு முடியாதே என்று அந்தப் பெண் பதறினாள். அக்கா அவள் தோளைப் பிடித்து வேனை நோக்கித் திருப்பினாள்.

"டாக்டர் பேசும்போது பயத்துல பாதிதான் காதுல விழும். மீதிப் பாதியிலதான் உசிரு இருக்கும். அதைக் கேக்கறதுக்குக் கூடவே ஒரு ஆள் வேணும். ஏறு."